பக்தி வேறு, வெறி வேறு

கொழும்பு மாநகரின் வடபாகத்தில், கொட்டாஞ்சேனைக்கும் கொச்சிக்கடைக்கும் அணித்தாய் அமைந்தது ஜிந்துப்பிட்டி. பல சமயத்தாரும் சுவரோடு சுவர் ஒட்டி வாழும் இதுபோன்ற பகுதிகள் நம் நாட்டில் மிகச் சிலவே. இங்கே சிவசுப்பிரமணிய சுவாமி கோயில் உண்டு. சற்று நடந்தால், பொன்னம்பல முதலியார் தோற்றுவிக்க, அவர்தம் மைந்தர் சேர் பொன்னம்பலம் இராமநாதன் கருங்கல்லாற் கட்டியெழுப்பிய பொன்னம்பலவாணேசர் கோயிலைக் காணலாம். கடற்புறமாகத் திரும்பினால் கொச்சிக்கடைப் புனித அந்தோனியார் திருத்தலம். இவற்றினிடையே பள்ளிவாசல்களின் பாங்கொலியும் உரிய வேளைகளில் எழுந்தவண்ணம் இருக்கும். செவ்வாய்க்கிழமைகளில் அந்தோனியார் முன்னிலையில் மெழுகுதிரி ஏற்றுவோருள் கத்தோலிக்கரேயன்றி இந்துக்களும் பௌத்தர்களும் முஸ்லிம்களும் உளர் என்பதைக் கொழும்பு வாழ் தமிழ் மக்கள் நன்கறிவர்.

அத்தகைய இடத்திலேதான் 2019ஆம் ஆண்டு ஏப்பிரல் மாதம் 21ஆம் திகதி, உயிர்த்த ஞாயிறு காலையில், வெடிகுண்டு சுமந்து வந்த ஒருவன் வழிபாட்டுக்குக் கூடியிருந்த மக்கள் நடுவே தன்னையும் மாய்த்து அவர்களையும் மாய்த்தான். அதே காலைப்பொழுதில் நீர்கொழும்பு கட்டுவாப்பிட்டிப் புனித செபஸ்தியார் தேவாலயமும், மட்டக்களப்புச் சீயோன் தேவாலயமும், தலைநகரின் மூன்று பெரிய ஹோட்டல்களும் அவ்வாறே தாக்கப்பட்டன. 260க்கும் மேற்பட்டோர் உயிர் துறந்தனர். மட்டக்களப்பிலே இறந்தோருட் பலர் சிறுவர்கள்.

ஆண்டுகள் சில கடந்துவிட்டன. அந்தோனியார் திருத்தலம் செப்பனிடப்பட்டு அவ்வாண்டு ஜூன் 12ஆம் திகதியே மீளத் திறக்கப்பட்டது. ஆயினும் அன்று எழுந்த ஒரு வினா நம் இல்லங்களில் இன்னும் அடங்கவில்லை. ‘பக்தி அளவு கடந்தால் இப்படித்தான் முடியுமோ?’ என்பதே அது. தாடி வளர்த்து ஐந்து வேளையும் தொழும் இளைஞனைக் கண்டவுடன் அயலார் நெஞ்சில் ஓர் ஐயம் தோன்றுகின்றது. வகுப்பறையில் மாணாக்கர் வாய்விட்டுக் கேளாவிடினும் தமக்குள் கேட்கின்றனர். வினாவை மூடிவைப்பதால் ஐயம் வளருமேயன்றிக் குறையாது. ஆதலின் இவ்வாரம் இதனையே எடுத்து ஆராய்வோம்.

மூன்று சொற்கள்

நாம் முதலில் மூன்று சொற்களைப் பிரித்தறிதல் வேண்டும். ஒன்று பக்தி, மற்றொன்று சமயப் பணி, பிறிதொன்று வெறி. பக்தி என்பது ஒருவர் தம் இறைவனோடு கொள்ளும் உறவு. தொழுகையும் நோன்பும் அதன்பாற்படும். சமயப் பணி என்பது அந்தப் பக்தியினால் உந்தப்பட்டுச் சமுதாயத்தைத் திருத்தவும் உயர்த்தவும் முற்படுதல். பள்ளி அமைப்பது, பத்திரிகை நடத்துவது, ஏழைக்கு உதவுவது, அநீதியை எதிர்ப்பது யாவும் அதன்பாற்படும். வெறியோ, தான் கொண்ட கொள்கையை ஏலாதவனுக்கு வாழும் உரிமையே இல்லை என்னும் எண்ணம்.

இம்மூன்றும் ஒரே ஏணியின் படிகள் எனப் பலர் கருதுகின்றனர். முதற்படியில் தொழுகை, நடுப்படியில் இயக்கம், மேற்படியில் குண்டு என்பது அவர்தம் எண்ணம். அது உண்மையாயின் மிகுந்த பக்தியுடையோரே மிகுந்த கொடுமை செய்தல் வேண்டும். வரலாறு அவ்வாறு காட்டவில்லை.

நம் நாட்டிலேயே சான்று உண்டு. கண்டியிலே 1838இல் பிறந்த அறிஞர் சித்திலெப்பை வழக்கறிஞராய் விளங்கியவர்; இஸ்லாமிய ஞானத்தில் தோய்ந்தவர். அவர் 1882இல் ‘முஸ்லிம் நேசன்’ என்னும் தமிழ்ப் பத்திரிகையைத் தொடங்கினார். 1885இல் வெளிவந்த அவரது ‘அசன்பே சரித்திரம்’ இலங்கையின் முதல் தமிழ் நாவலாகப் போற்றப்படுகின்றது. எகிப்து நாட்டில் ஆங்கிலேயரை எதிர்த்துத் தோற்று 1883இல் இங்கு நாடுகடத்தப்பட்டு வந்த அராபி பாஷாவின் தூண்டுதலும் சித்திலெப்பையின் உழைப்பும் கொழும்பு வணிகப் பெருமக்களின் கொடையும் ஒன்றுகூடிய பயனாகவே 1892இல் மருதானையில் ஸாஹிராக் கல்லூரி உருவாயிற்று. அராபி பாஷா ஆயுதம் ஏந்திய படைத்தலைவர். அத்தகையவரே கொழும்பிலே கல்விக்கு ஊக்கமளித்தார் என்பது கவனிக்கத்தக்கது.

பின்னர் அக்கல்லூரியின் அதிபராய் 1948 முதல் 1961 வரை விளங்கிய அறிஞர் ஏ. எம். ஏ. அஸீஸ் யாழ்ப்பாணம் வண்ணார்பண்ணையிற் பிறந்தவர். யாழ்ப்பாணம் இந்துக் கல்லூரியிற் பயின்றவர். இலங்கைச் சிவில் சேவையிற் சேர்ந்த முதல் முஸ்லிம். சைவ மாணாக்கர் நடுவே கற்றமையால் அவரது இஸ்லாமியப் பற்றுக் குறைந்துவிடவில்லை. அப்பற்றினால் தமிழ்ப்பற்றும் குறைந்துவிடவில்லை. வறிய மாணவருக்கென 1945இல் அவர் தோற்றுவித்த புலமைப்பரிசில் நிதி அவரது பக்தி எத்தகையது என்பதற்குச் சான்று.

நாட்டுக்கு அப்பாலும் நோக்குவோம். இந்தியத் துணைக்கண்டத்தின் வடமேற்கு எல்லையிலே கான் அப்துல் கபார் கான், 1929ஆம் ஆண்டு ‘குதாயி கித்மத்கார்’, அஃதாவது இறைவனின் தொண்டர் என்னும் படையை அமைத்தார். பழிக்குப் பழி வாங்குதலைக் குலமரபாகக் கொண்ட பட்டாணியர், ஆயுதம் ஏந்துவதில்லை என இறைவன் பெயரால் உறுதிமொழி எடுத்தனர். 1930 ஏப்பிரல் 23ஆம் திகதி பெஷாவர் கிஸ்ஸா கவானிக் கடைவீதியில் ஆங்கிலேயப் படை சுட்டபோதும் மக்கள் எதிர்த்தாக்குதல் நடத்தவில்லை. காந்தியடிகளிடம் அவர் கொண்ட அன்பு பெரிது. எனினும் அந்தப் பொறுமையைத் தம் மக்களுக்கு அவர் இஸ்லாத்தின் பெயராலேயே போதித்தார். தொழுகை தவறாத அம்மனிதரின் பக்தியிலே எந்தக் குறைவும் இல்லை. அப்பக்தி அவரை எங்கே கொண்டு சென்றது என்பதை மாணாக்கர் எண்ணிப் பார்த்தல் நன்று.

பிளவு எங்கே நேர்கின்றது?

அவ்வாறாயின் வெறி எங்கிருந்து பிறக்கின்றது? ‘யார் உண்மையான முஸ்லிம்?’ என்று தீர்ப்பிடும் அதிகாரத்தை மனிதன் தன் கையில் எடுக்கும் இடத்திலே அது பிறக்கின்றது என இஸ்லாமிய அறிஞர் பலர் நெடுங்காலமாகச் சொல்லி வந்துள்ளனர். மற்றொரு முஸ்லிமைக் காபிர் என ஒதுக்கும் இத்தீர்ப்புக்கு அரபு மொழியில் ‘தக்பீர்’ என்று பெயர்.

இது புதிய நோயன்று. நபிகள் நாயகத்தின் மருமகரும் நான்காவது கலீபாவுமாகிய அலீ அவர்கள் 661ஆம் ஆண்டு கூபா நகரப் பள்ளிவாசலிலே, வைகறைத் தொழுகை வேளையில் வெட்டுண்டார். வெட்டியவன் இஸ்லாத்தின் பகைவன் அல்லன்; கவாரிஜ் என்னும் கூட்டத்தைச் சேர்ந்த, தன்னையே மிகத் தூய முஸ்லிம் என எண்ணிய ஒருவன். அன்று தொடங்கி இக்கூட்டத்தின் பெயர் முஸ்லிம் உலகில் ஓர் எச்சரிக்கையாகவே வழங்கி வருகின்றது.

இருபதாம் நூற்றாண்டிலே இவ்வினா மீண்டும் தலைதூக்கியது. ஐரோப்பிய வல்லரசுகளின் ஆட்சிக்கு உட்பட்ட முஸ்லிம் நாடுகளில் ‘நாம் ஏன் தாழ்ந்தோம்?’ என்ற ஏக்கம் எங்கும் நிறைந்திருந்தது. எகிப்திலே பள்ளி ஆசிரியர் ஹஸன் அல்பன்னா 1928இல் முஸ்லிம் சகோதரத்துவ இயக்கத்தைத் தொடங்கினார். இந்தியாவிலே மௌலானா மௌதூதி 1941இல் ஜமாஅத்தே இஸ்லாமியை நிறுவினார். வட இந்தியாவிலே மௌலானா இல்யாஸ், அரசியலை அறவே ஒதுக்கி, வீடு வீடாகச் சென்று தொழுகைக்கு அழைக்கும் தப்லீக் பணியைத் தொடங்கினார். நோக்கமும் வழியும் வெவ்வேறாயினும், இழந்த பெருமையைச் சமயத்தின் வழியே மீட்கலாம் என்னும் நம்பிக்கை இவற்றுக்குப் பொதுவாய் இருந்தது. இவ்வியக்கங்களின் அரசியலோடு நாம் உடன்படலாம், மாறுபடலாம். ஆயினும் இவற்றில் ஈடுபட்ட பெருந்தொகையினர் பேச்சாலும் எழுத்தாலும் தொண்டாலும் பணிபுரிந்தோரே.

எகிப்திலே ஓர் உள்விவாதம் எழுந்தது. சகோதரத்துவ இயக்கத்தின் எழுத்தாளர் ஸையித் குத்ப், சிறைவாசத்தின் கொடுமைகளிடையே, தம் காலத்துச் சமுதாயம் முழுவதுமே இஸ்லாத்துக்கு முந்திய அறியாமைக் காலத்தை ஒத்தது என்னும் முடிவுக்கு வந்தார். 1966 ஓகஸ்டில் அவர் தூக்கிலிடப்பட்டார். அவர் கருத்தினை மேலும் இழுத்துச் சென்ற இளைஞர் சிலர், தம்மை ஏற்காத முஸ்லிம்கள் யாவரும் காபிர்களே என்றனர். அவ்வியக்கத்தின் தலைவராய் இருந்த ஹஸன் அல்ஹுளைபியோ இதனை வன்மையாக மறுத்தார். அவர் பெயரால் 1977இல் வெளிவந்த நூலின் தலைப்பே முழு மறுமொழியாகும்: ‘நாம் அழைப்பாளர், நீதிபதிகள் அல்லர்.’ அழைப்பவன் கேட்பவனுக்கு மறுக்கும் உரிமையை அளிக்கின்றான். நீதிபதி அதனை அளிப்பதில்லை. பணியும் வெறியும் பிரியும் எல்லை இதுவே எனலாம்.

முஸ்லிம் உலகின் அறிஞர் பெருமக்கள் பின்னரும் வாளா இருந்தாரல்லர். 2005ஆம் ஆண்டு ஜோர்தானியத் தலைநகர் அம்மானிலே பல நாட்டு அறிஞர் ஏறத்தாழ 200 பேர் கூடி, அங்கீகாரம் பெற்ற மத்ஹபுகளைச் சார்ந்த எவரையும் காபிர் எனத் தீர்ப்பிடலாகாது என்று அறிவித்தனர். 2014ஆம் ஆண்டு செப்டெம்பரில், ஈராக்கிலே தன்னைக் கலீபா என அறிவித்துக்கொண்ட அல்பக்தாதியின் செயல்கள் இஸ்லாத்துக்கு முரணானவை என 120க்கும் மேற்பட்ட அறிஞர் கையொப்பமிட்டு வெளிப்படையாக மடல் எழுதினர்.

காத்தான்குடியில் நிகழ்ந்தது

இனி நம் நாட்டுக்கு மீள்வோம். இலங்கை முஸ்லிம்களின் சமய வாழ்வு நெடுங்காலமாகத் தமிழோடு பிணைந்தது. கந்தூரியும் மௌலிதும் தர்கா வழிபாடும் ஊர்தோறும் நிலவின. கல்முனைக் கடற்கரைப் பள்ளியிலே நாகூர் ஆண்டகை நினைவாகக் கொடியேற்றுவதை எவரும் காணலாம். உமறுப் புலவரின் சீறாப்புராணத்தையும் குணங்குடி மஸ்தான் சாகிபுவின் பாடல்களையும் முஸ்லிம்கள் மட்டுமா போற்றினர்? சைவப் புலவர்களும் போற்றினர்.

இத்தகைய வழக்கங்கள் மூல நூல்களுக்கு ஒவ்வாதவை என்போரும் தோன்றினர். பறகஹதெனியவை நடுவாகக் கொண்டு 1940களின் பிற்பகுதியில் எழுந்த தௌஹீத் பிரசாரம் அத்தகையது. ‘தௌஹீத்’ என்பது இறைவன் ஒருவனே என்னும் கொள்கை. எல்லா முஸ்லிம்களுக்கும் உரிய சொல். சடங்குகளைக் களைதல் வேண்டும் என்று வாதிடுவது தவறாகாது. சைவத்திலும் பலியிடுதலை எதிர்த்த ஆறுமுக நாவலர் போன்ற சீர்திருத்தக்காரர் இருந்தனரன்றோ! வாதம் வாதமாக இருக்கும்வரை அதனால் கேடில்லை.

காத்தான்குடியிலோ வாதம் வேறு திசையிற் சென்றது. அவ்வூரிலே சூபி வழியைப் போதித்த மௌலவி ஒருவரும் அவரைப் பின்பற்றுவோரும் மார்க்கத்தை விட்டு வெளியேறியோர் என 1979ஆம் ஆண்டு அகில இலங்கை ஜம்இய்யத்துல் உலமா பத்வா வழங்கியது. அமைதி நாடும் அறிஞர் சபையே அன்று அத்தீர்ப்பை வழங்கியதை மறைத்தற்கில்லை. 2004இல் சூபிகளின் வீடுகளும் நிலையங்களும் தாக்கப்பட்டன. ‘இவர்கள் நம்மவர் அல்லர்’ என்னும் சொல் முதலிற் பிறந்தது. கல்லும் தீயும் பின்னர் வந்தன.

இச்சூழலில் வளர்ந்தவனே சஹ்ரான் ஹாஷிம். அவ்வூர் அரபுக் கல்லூரியிலே சிறுவனாய்ச் சேர்ந்த அவன், ஆசிரியரோடு முரண்பட்டு 2005இல் படிப்பு முடியாமலே வெளியேற்றப்பட்டான். பின்னர்த் தானே ஓர் அமைப்பைத் தோற்றுவித்துத் தானே ஆசிரியனானான். அவன் முதலில் எதிர்த்தது கிறித்தவரையோ பௌத்தரையோ அன்று. தன் ஊர்ச் சூபி முஸ்லிம்களையே. 2017 மார்ச் 10ஆம் திகதி அவர்களோடு வாள்களுடன் மோதல் நிகழ, அவன் தலைமறைவானான். அதன்பின் இணையத்தின் வழியே அவன் பேச்சுக்கள் பரவின. அப்பேச்சுக்கள் தமிழிலே நிகழ்ந்தன என்பதை நாம் மறக்கலாகாது. உமறுப் புலவரின் மொழியே நஞ்சு சுமந்து சென்றது.

வறுமையே இதற்குக் காரணம் என்பார் உளர். தாக்கியோருள் செல்வ வணிகர் ஒருவரின் புதல்வர் இருவர் இருந்தனர். வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்களிற் பயின்றவரும் இருந்தார். ஆதலின் வறுமை மட்டும் காரணமாகாது. கல்வி மட்டும் காவலுமாகாது. வேறு காரணங்களையும் எண்ணுதல் வேண்டும். 1990 ஓகஸ்ட் 3ஆம் திகதி காத்தான்குடிப் பள்ளிவாசல்கள் இரண்டில் தொழுது நின்ற 100க்கும் மேற்பட்டோர் சுட்டுக் கொல்லப்பட்டனர். 2014இல் அளுத்கமவிலும் 2018இல் திகனையிலும் முஸ்லிம்களின் வீடுகளும் கடைகளும் எரிந்தன. ஈராக்கும் சிரியாவும் தொலைபேசித் திரையில் நாள்தோறும் தெரிந்தன. இத்துயரங்கள் உண்மையானவை. இவற்றைச் சுமந்த ஆயிரமாயிரம் முஸ்லிம்கள் எவரையும் கொல்லவில்லை என்பதும் உண்மை. துன்பம் விறகு போன்றது. அதற்குத் தீமூட்டுவதற்கு, வெறுப்பை வணக்கமென்று போதிக்கும் ஒருவன் தேவைப்படுகின்றான்.

எச்சரித்தோர் யார்?

பலரும் எண்ணாத ஒன்றை இங்குச் சொல்லுதல் வேண்டும். சஹ்ரானைப் பற்றி முதலில் முறையிட்டோர் முஸ்லிம்களே. 2017இல் காத்தான்குடி மக்கள் அவனைக் கைது செய்யுமாறு வீதியில் இறங்கிக் கோரினர். மாவனெல்லைப் பகுதிப் புத்தர் சிலை உடைப்பு விசாரணைக்கு உதவிய முஸ்லிம் ஒருவர் 2019 மார்ச்சில் தம் வீட்டிலேயே தலையிற் சுடப்பட்டார். தாக்குதலின் பின், சாய்ந்தமருதிலே ஒரு வீட்டில் ஒளிந்திருந்த கூட்டத்தைப் பற்றி ஐயங்கொண்டு தகவல் கொடுத்தோரும் அயலில் வாழ்ந்த முஸ்லிம்களே. கொலைஞரின் உடல்களை முஸ்லிம் மையவாடிகளில் ஏற்கமாட்டோம் என ஜம்இய்யத்துல் உலமா அறிவித்தது.

கேட்க வேண்டியோர் கேட்டிலர். 2019 ஏப்பிரல் 4ஆம் திகதியே இந்தியாவிலிருந்து எச்சரிக்கை வந்திருந்தும் தேவாலயங்களுக்கு அது அறிவிக்கப்படவில்லை. 2023 ஜனவரி 12ஆம் திகதி உயர் நீதிமன்றம், தாக்குதலைத் தடுக்கத் தவறியமைக்காக முன்னாள் ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன 10 கோடி ரூபா நட்டஈடு செலுத்துதல் வேண்டும் எனத் தீர்ப்பளித்தது. உயர் அதிகாரிகள் சிலருக்கும் அவ்வாறே விதித்தது. பின்னணியில் வேறு கரங்களும் இருந்தனவோ என்னும் வினாவை இறந்தோரின் உறவினர் எழுப்பி வந்துள்ளனர்.

ஒருவன் செய்த தீமைக்கு அவன் சமூகம் முழுவதும் விலை கொடுத்தது. 2019 மே மாதம் குருநாகல் மாவட்டத்திலும் மினுவாங்கொடையிலும் முஸ்லிம்களின் உடைமைகள் சூறையாடப்பட்டன. அஹ்னாப் ஜஸீம் என்னும் இளங்கவிஞர், தமது தமிழ்க் கவிதைத் தொகுப்பாகிய ‘நவரச’த்தின் பொருட்டு 2020 மே மாதம் கைதாகிப் பயங்கரவாதத் தடைச் சட்டத்தின்கீழ்ச் சிறையில் வாடினார். அத்தொகுப்பிலே வன்முறையைக் கண்டிக்கும் கவிதைகளே இருந்தன. 2023 டிசெம்பரில் நீதிமன்றம் அவரை விடுவித்தது. கொரோனாவால் இறந்த முஸ்லிம்களின் ஜனாஸாக்களை அடக்கம் செய்ய 2020 முதல் 2021 பெப்ரவரி வரை இடமளிக்கப்படவில்லை, யாவும் எரிக்கப்பட்டன. அதற்காக அமைச்சரவை மன்னிப்புக் கோரியது 2024 ஜூலையிலேதான். தந்தையின் உடலைச் சமய முறைப்படி அடக்கம் செய்ய இயலாத மகனின் துயரத்தை எந்த மன்னிப்புத் தீர்க்கும்?

தமிழர் அறிந்த நோவு

இந்நோவு தமிழ்க் குடும்பங்களுக்குப் புதிதன்று. 1979இல் பிறந்த அதே தடைச் சட்டத்தின்கீழ் எத்தனை தமிழ் இளைஞர் சிறை சென்றனர்! 2007 ஜூன் 7ஆம் திகதி, கொட்டாஞ்சேனை, புறக்கோட்டை, வெள்ளவத்தை ஆகிய இடங்களில் விடுதிகளிலே தங்கியிருந்த தமிழர் 300க்கும் மேற்பட்டோரை, ‘இங்கிருக்கத் தக்க காரணம் இல்லை’ எனக்கூறிப் பேருந்துகளில் ஏற்றி வடக்குக்கும் கிழக்குக்கும் அனுப்பினர். மறுநாளே உயர் நீதிமன்றம் அதனைத் தடுத்தது. ஒருவர் செய்ததற்கு மொழி ஒன்றேயான மற்றவரைப் பழிப்பது எத்துணைக் கொடுமை என்பதை ஜிந்துப்பிட்டித் தமிழருக்கு எவரும் கற்பிக்க வேண்டியதில்லை.

அதேவேளை, காத்தான்குடிப் பள்ளிவாசல்களிற் சுட்டோர் தமிழ் மக்களின் பெயராலேயே சுட்டனர். 1990 ஒக்டோபரில் வடமாகாணத்து முஸ்லிம்கள் 70,000க்கும் மேற்பட்டோர், சில மணி நேர அவகாசத்தில், தமிழரின் பெயராலேயே விரட்டப்பட்டனர். ‘அவர்கள் செய்தார்கள், நாங்கள் அல்ல’ என்று நாம் அப்போது சொன்னோம். அச்சொல்லை நமக்கு வழங்கிய நீதி, இன்று முஸ்லிம் அயலவருக்கும் வழங்கப்படுதல் வேண்டும்.

வெறி ஒரு சமயத்தின் தனிச்சொத்தும் அன்று. 1883ஆம் ஆண்டு மார்ச் 25ஆம் திகதி, இதே கொட்டாஞ்சேனையிலே, பௌத்தரின் ஊர்வலம் ஒன்று கத்தோலிக்கர் வாழும் பகுதியை அணுகியபோது பெருங்கலகம் மூண்டு இரத்தம் சிந்தியது. அந்நாளும் உயிர்த்த ஞாயிறே. அதன் பயனாகவே கேணல் ஒல்கொட் 1884இல் இலண்டன் சென்று பௌத்தர் சார்பில் முறையிட்டார். மறு ஆண்டு வெசாக் பூரணை பொது விடுமுறையாயிற்று. அக்கலகம் செய்தோரின் பேரப்பிள்ளைகள் பின்னர் அதே தெருக்களில் ஒன்றாய் வாழ்ந்தனர். மாறுதல் இயலும் என்பதற்கு இதனினும் அண்மையில் நாம் சான்று தேட வேண்டுமா?

இல்லத்திற் கவனிக்க வேண்டியவை

இனி, எச்சமயத்துப் பெற்றோரும் மாணாக்கரும் மனத்திருத்த வேண்டியவை மூன்று.

முதலாவது, புதிய போதனை ஒருவனைப் பிறர்பால் எவ்வாறு நடக்கச் செய்கின்றது என்று பார்த்தல். அதிகாலையில் எழுந்து வழிபடுகின்றான், உணவில் நோன்பு காக்கின்றான், உடையை மாற்றிக்கொள்கின்றான் என்பதில் அஞ்சத்தக்கது யாதுமில்லை. நேற்றுவரை ‘மாமா’ என்றழைத்த அயல்வீட்டாரிடம் இன்று முகங்கொடுத்துப் பேசாது ஒதுங்குகின்றான் எனின், தன் சமயத்தவரையே ‘இவர்கள் வழிதவறியோர்’ என இகழ்கின்றான் எனின், அப்போது பெற்றோர் அருகிலமர்ந்து பேசுதல் வேண்டும்.

இரண்டாவது, ஆசிரியன் யார் என்று அறிதல். வெளிப்படையாகப் போதிப்பவனை ஊரார் கேள்வி கேட்கலாம். மற்ற அறிஞர் மறுக்கலாம். ‘இதை வீட்டாருக்குச் சொல்லாதே’ என்று தொடங்கும் எந்தப் பாடமும் சமயப் பாடமன்று. கல்வியை முடிக்கு முன்னரே கற்றோர் அனைவரையும் பழிப்பவனிடம் எச்சரிக்கையாய் இருத்தல் நன்று.

மூன்றாவது, பக்தி கடமையைப் பெருக்குகின்றதா, அன்றி அழிக்கின்றதா என்று காணல். மெய்யான பக்தன் தாய் தந்தையருக்கு முன்னிலும் நல்ல மகனாகின்றான். 2019இல் தெமட்டகொடையிலும் சாய்ந்தமருதிலும் வெறியர் தாம் பெற்ற குழந்தைகளையும் தம்மோடு மாய்த்தனர். குழந்தையின் உயிரைக் கேட்கும் கொள்கைக்கு எந்தப் பெயர் இட்டாலும் பக்தி என்ற பெயர் பொருந்தாது.

அயலவராகிய நமக்கும் கடமை உண்டு. வெள்ளவத்தையிலோ கொட்டாஞ்சேனையிலோ மேற்படிப்பின் பொருட்டு வாடகைக்கு அறை தேடி வரும் முஸ்லிம் மாணவனை, பெயரைக் கேட்ட மாத்திரத்தே ‘அறை இல்லை’ எனத் திருப்பியனுப்பும் வீட்டார் உளர். நம் பிள்ளைகளும் ஒரு காலத்தில் அவ்வாறு திருப்பியனுப்பப்பட்டவர்களே. மூடப்படும் ஒவ்வொரு கதவும், ‘உன்னை இவர்கள் ஒருபோதும் ஏற்கமாட்டார்கள்’ என்று இருட்டிலே ஓதுபவனுக்குத் துணை செய்கின்றது. அடுத்த முறை அம்மாணவன் வந்தால், எந்தக் கல்லூரியிற் படிக்கின்றான், தாய் தந்தையர் யார் என்று எவரிடமும் கேட்பதுபோற் கேட்டு, மனம் நிறைந்தால் அறையின் சாவியைக் கொடுப்போம். வைகறையில் அவன் தொழ எழும் ஓசை கேட்டால், நம் வீட்டிலும் ஒரு பிள்ளை நேரத்தோடு எழுந்தது என்று மகிழ்வோம்.